சாய்பாவ் பெங்களூர் திரும்பிய பிறகு

'சலாம் பாம்பே' பார்த்தவங்களுக்கு அந்தக் கடைசிக் காட்சி மறந்திருக்காது. பிள்ளையார் ஊர்வலக் கூட்டத்தில் கூட வந்தவளைத் தொலைத்துவிட்டு, ஒரு சந்துக்குள் போய்த் தனியா உட்காருவான் பையன். பையிலிருந்து பம்பரத்தை எடுத்துக் கயிறு சுற்றுவான். அழுகை வரும். கேமரா அந்த முகத்தை விட்டு நகராது. அத்தோடு படம் முடிஞ்சிடும்.

பன்னிரண்டு வயசு இருக்கும் அந்தப் பையனுக்கு. படத்தில் அவன் பேர் கிருஷ்ணா. டீ கொண்டுபோய்க் கொடுக்கிற பையன் என்பதால் பாம்பேயில் எல்லாரும் கூப்பிடுவது 'சாய்பாவ்'. நிஜப்பெயர் ஷஃபீக் சையது. நம்ம பக்கத்து ஊர்க்காரர். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் நாற்பது கிலோமீட்டர், பெங்களூர்.

இந்த ஒரு விஷயம் தெரிஞ்சதிலிருந்து அந்தப் படத்தை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. பாம்பே, சிவப்பு விளக்குத் தெரு, சில்லம் அடிக்கிற பசங்க என்று எங்கோ நடக்கிற கதையாகத்தான் அதுவரைக்கும் இருந்தது. இப்போ அத்திப்பள்ளி தாண்டிப் போகும்போதெல்லாம் அவன் ஞாபகம் வருது. அதனால் இது பட விமர்சனம் இல்லீங்க. கஷ்டப்பட்ட பிள்ளைகளைப் படம் எடுத்தாங்களே, அந்தப் பிள்ளைகள் அப்புறம் எப்படி வளர்ந்தாங்க என்பதைப் பற்றிக் கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முதலில் படம் எப்படி உருவாச்சுன்னு சொல்லிடறேன். இயக்குனர் மீரா நாயர், கதை எழுதியவர் சூனி தாராபோர்வாலா. இசை நம்ம வயலின் எல். சுப்ரமணியம் (இது நிறைய பேருக்குத் தெரியாது). தெருவில் வாழும் பிள்ளைகளைப் பற்றிய படத்தில் தெருப் பிள்ளைகளே நடிக்கணும் என்று முடிவு செய்து, பாம்பே நடைபாதைகளில் இருந்து பசங்களைச் சேர்த்தாங்க. நாடக ஆசிரியர் பாரி ஜான் வாரக்கணக்கில் பயிற்சிப் பட்டறை நடத்தினார். அதிலிருந்து தேறின பசங்கதான் திரையில் நாம் பார்ப்பது. நானா படேகர், ரகுவீர் யாதவ் மாதிரி தொழில்முறை நடிகர்கள் அவங்களைச் சுற்றி. தெருவோரக் கடிதம் எழுதுபவராக ஒரு சின்ன வேஷத்தில் வந்து போகும் ஒல்லியான இளைஞர் இர்ஃபான் கான். அவருக்கு அது முதல் படம். 1988-இல் கான் விழாவில் சிறந்த முதல் படத்துக்கான 'கேமரா டோர்' விருது, அடுத்து ஆஸ்கர் பரிந்துரை. 'மதர் இந்தியா'வுக்குப் பிறகு அந்தப் பட்டியலுக்குள் போன இந்தியப் படம் இதுதான்.

கதையில் கிருஷ்ணா ஒரு சர்க்கஸில் வேலை பார்ப்பான். அண்ணனின் வண்டியை நாசம் பண்ணினதுக்கு 500 ரூபாய் சம்பாதிச்சுக் கொண்டுவந்தால்தான் வீட்டுக்குள் சேர்ப்பேன் என்று அம்மா சொல்லிவிட்டுப் போயிருப்பாள். சர்க்கஸ் அவனை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். பாம்பே வந்து டீக்கடையில் சேர்ந்து அந்த 500-ஐக் காசு காசாகச் சேர்ப்பான். சேர்த்த பணத்தை உயிர் நண்பன் சில்லமே எடுத்துப் போதைக்கு விட்டுடுவான். அம்மாவுக்குக் கடிதம் எழுதச் சொல்லி இர்ஃபான் கான் முன்னாடி உட்காருவான். சரியான விலாசம் சொல்லத் தெரியாது. 'எதையும் தாங்கும் இதயம்' என்று நாம் பாராட்டுவோமே, அதெல்லாம் அந்தப் பையனிடம் உண்டு. உழைப்பான், அடி வாங்குவான், எழுந்துக்குவான். ஆனாலும் வீடு போய்ச் சேர மாட்டான்.

ஷஃபீக்கின் சொந்தக் கதை இதுக்கு ரொம்பத் தூரம் இல்லை. பெங்களூர் வீட்டை விட்டுச் சில நண்பர்களோடு ரயிலேறினவர். காரணம் என்ன தெரியுமா? இந்தி சினிமாவில் காட்டுகிற மாதிரியே பாம்பே இருக்கான்னு பார்க்க. சர்ச்கேட் ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் படுக்கை. ஒருநாள் ஒரு பெண் வந்து, நடிக்க வந்தால் நாளைக்கு 20 ரூபாய் தருவோம் என்று கூப்பிட, இது ஏதோ ஏமாற்று வேலை என்று மற்ற பசங்க ஓடிட்டாங்களாம். தனக்குப் பசி, அதனால் போனேன் என்று பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். 'கனவு', 'கலை' என்றெல்லாம் பிறகு எழுதிக்கொண்டது நாமதான்.

படத்துக்கு அவருக்குக் கிடைத்தது சுமார் 15,000 ரூபாய். 1988-ஆம் ஆண்டின் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது. அப்புறம்? பாம்பேயில் வாய்ப்புத் தேடி மாசக்கணக்கில் அலைச்சல். கௌதம் கோஷின் 'பதங்' என்ற படத்தில் ஒரு வேஷம். 1990-களின் தொடக்கத்தில் பெங்களூருக்கே திரும்பிட்டார். கல்யாணம், குழந்தைகள், ஆட்டோ. 2009 வாக்கில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' ஆஸ்கர் அள்ளின சமயத்தில்தான் பத்திரிகைக்காரர்களுக்கு இவர் ஞாபகம் வந்தது. தேசிய விருது வாங்கினவர் ஆட்டோ ஓட்டுகிறார் என்று பெட்டிச் செய்தி போட்டாங்க. கன்னட டிவி சீரியல் யூனிட்டுகளிலும் கேமராவுக்குப் பின்னால் வேலை பார்த்திருக்கிறார். (ஆட்டோ ஓட்டுவது அவமானம் என்கிற தொனியில் அந்தச் செய்திகள் வந்தது எனக்குப் பிடிக்கலை. அது கௌரவமான தொழில். என் கேள்வி அது இல்லை.)

கேள்வி இதுதான். அந்தப் படத்தின் வருமானத்தில் 1988-இல் 'சலாம் பாலக் டிரஸ்ட்' தொடங்கினாங்க. தெருப் பிள்ளைகளுக்கு இருப்பிடம், பள்ளிக்கூடம், தொழிற்பயிற்சி. உருப்படியான காரியம், சந்தேகமே இல்லை. மேற்கு வங்காளம் புருலியாவிலிருந்து பதினோரு வயசில் ஓடிவந்து புது டெல்லி ரயில் நிலையத்தில் பாட்டில் பொறுக்கிக்கொண்டிருந்த விக்கி ராய் அங்கே வளர்ந்தார். கேமராவைக் கையில் கொடுத்தாங்க, ஒரு புகைப்படக்காரரிடம் உதவியாளராகச் சேர்ந்தார், 2007-இல் தன்னை மாதிரிப் பிள்ளைகளைப் பற்றியே முதல் கண்காட்சி வைத்தார். இன்றைக்கு உலகம் அறிந்த புகைப்படக் கலைஞர். ஆக, அந்தப் படம் யாரென்றே தெரியாத ஒரு பையனை உருவாக்கியது. படத்தில் நடித்த பையன் தானாகவே வழி தேடிக்கிட்டான்.

ரெண்டு பேரும் ஓடி வந்தவங்க, பசி தாங்கினவங்க. மன உறுதியில் யாரும் குறைச்சல் இல்லை. ஒருத்தருக்குப் பன்னிரண்டு வயசிலிருந்து இருபது வயசு வரைக்கும் பின்னாடி ஒரு இடம் இருந்தது. இன்னொருத்தருக்கு ஒரு படமும் ஒரு சான்றிதழும் மட்டும். சினிமா எப்போதுமே பையனின் தைரியத்தைப் பார்த்து நம்மைக் கண்கலங்க வைக்குது. அந்த எட்டு வருஷத்தைக் காட்டுவதில்லை. காட்டினால் போரடிக்கும்னு நினைக்கிறாங்களோ என்னவோ.

இது புதுசும் இல்லை. 1921-இல் சாப்ளின் 'தி கிட்' எடுத்தார். ஏழு வயசில் லண்டன் ஏழைகள் விடுதியில் தள்ளப்பட்ட ஆள் சாப்ளின். அந்தப் படத்தின் ஓட்டு வீடும் கிழிஞ்ச போர்வையும் அவருடைய சொந்த ஞாபகம். தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஜன்னல் கண்ணாடியைக் கல்லால் உடைக்கிற அந்தப் பொடியன் ஜாக்கி கூகன் கோடிக்கணக்கில் சம்பாதித்தான். வயசு வந்த பிறகு பார்த்தால் கையில் ஒண்ணும் இல்லை. அம்மாவும் மாற்றாந்தகப்பனும் செலவழிச்சாச்சு. 1938-இல் வழக்குப் போட்டுக் கடைசியில் கிடைத்தது ஒரு லட்சத்துச் சொச்சம் டாலர்தான். அந்த வழக்கால்தான் 1939-இல் கலிபோர்னியா மாநிலம் குழந்தை நடிகர்களின் வருமானத்தைப் பாதுகாக்கச் சட்டம் போட்டது. இன்றும் அதுக்குப் பேர் 'கூகன் சட்டம்'. இத்தாலியில் 1948-இல் 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தில் வேலையில்லாத அப்பாவாக நடித்த லாம்பெர்டோ மாஜியோரானி நிஜத்தில் தொழிற்சாலைத் தொழிலாளி. படம் முடிந்து வேலைக்குத் திரும்பினார். இவன்தான் சினிமாவில் சம்பாதிச்சிட்டானே என்று ஆட்குறைப்பில் வெளியே அனுப்பிட்டாங்க. படத்தில் வேலையைத் தொலைத்த மனுஷன் நிஜத்திலும் தொலைத்தார்.

சரி, தமிழுக்கு வருவோம். நம்ம பழைய படங்களில் ஏழைக் குழந்தை என்றால் அனாதைக் குழந்தைதான். கடைசி ரீலில் அப்பா அம்மா யாரென்று தெரிஞ்சதும் வறுமை ஓடிப்போயிடும். 'களத்தூர் கண்ணம்மா'வில் (1960) அனாதை விடுதிப் பையனாக வந்த கமல்ஹாசனுக்கு ஜனாதிபதி தங்கப் பதக்கமே கிடைச்சது. அந்தப் படங்களைக் குறை சொல்லலை, எங்க வீட்டில் எல்லாருமே அழுதவங்கதான். ஆனா வறுமையில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளையின் உண்மையான கதை திரையில் இல்லை, திரைக்குப் பின்னால் இருந்தது. பாய்ஸ் கம்பெனியைச் சொல்றேன்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். அந்தக் காலகட்டத்தில் சிறுவர்களை மட்டும் வைத்து நடத்தும் நாடகக் கம்பெனிகள் தமிழ்நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தன. யார் போய்ச் சேர்ந்தாங்க? கலை ஆர்வம் பொங்கி வழிஞ்ச பிள்ளைகளா? பெரும்பாலும் வீட்டில் சோறு இல்லாத பிள்ளைகள். கண்டியில் பிறந்து, அப்பாவை இழந்து, கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்த குடும்பத்தில் அம்மாவால் ரெண்டு பையன்களுக்குச் சோறு போட முடியவில்லை. சக்கரபாணியும் ராமச்சந்திரனும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனது அப்படித்தான். தம்பிக்கு அப்போ ஏழு வயசு இருக்கலாம். சிவாஜி கணேசன், தான் ஒரு அனாதை என்று பொய் சொல்லி நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். எம்.ஆர்.ராதா வீட்டை விட்டு ஓடினவர்.

கம்பெனி வாழ்க்கை சொர்க்கம் இல்லை. அடி உண்டு, வீட்டுக்குப் போக விடமாட்டாங்க, பள்ளிக்கூடம் கிடையாது. இன்றைய சட்டப்படி பார்த்தா அப்பட்டமான குழந்தைத் தொழில். ஆனா ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. ஏழு வயசில் எடுத்த பிள்ளையை ஒரே ஒரு நாடகத்தோடு அனுப்பவில்லை. பாட்டு, வசனம், சண்டை, அரிதாரம் என்று வருஷக்கணக்கில் தொழில் சொல்லிக் கொடுத்தாங்க. குரல் உடைகிற வயசு வந்து ராஜபார்ட், ஸ்திரீபார்ட் போட முடியாமல் போனாலும் வேறு ஏதாவது வேஷமோ வேலையோ கிடைக்கும். எம்ஜிஆர் முதல் படத்தில் ('சதி லீலாவதி', 1936) சின்ன வேஷத்தில் வந்து, கதாநாயகன் ஆக (1947, 'ராஜகுமாரி') பதினோரு வருஷம் பிடிச்சது. அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க அவருக்குக் கையில் தொழில் இருந்தது. ஷஃபீக்கிடம் இருந்தது முகம் மட்டும். பயிற்சி இல்லாத முகம் வேணும் என்றுதானே அவரைத் தேடி வந்தாங்க! யதார்த்தப் படங்களின் சங்கடமே இதுதான்னு எனக்குத் தோணுது. பையன் நடிக்கக் கத்துக்கிட்டா அந்த முகத்தின் விலை போயிடும்.

பாய்ஸ் கம்பெனிப் பையன் 1977-இல் முதலமைச்சர் ஆனார். 1982-இல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கும்போது தன் சின்ன வயசுப் பசியைச் சொன்னார். அவர் ஆட்சிக் காலத்தில் நடந்த இன்னொன்று எங்க ஊர் சம்பந்தப்பட்டது. அதைத்தான் ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன்.

ஓசூர் அப்போ தர்மபுரி மாவட்டத்தில் ஒரு மூலை. (கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-இல்தான்.) ராகி, புளி, ஆடு மாடு. கிழக்கே கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காயும் கருங்கல் குவாரியும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி தாண்டினால் காடு. வீட்டுக்கு வீடு தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது கலந்து பேசுவோம். எந்த மொழியில் கேட்டாலும் பஞ்சம் பஞ்சம்தான். சினிமாக்காரங்களுக்கு ஓசூர் என்றால் ஒரு செக்போஸ்ட்டும் நாலு லாரியும். பின்தங்கிய பகுதி என்று சலுகைகள் கொடுத்து சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. டிவிஎஸ் மொபெட், அசோக் லேலண்ட் லாரி என்று ஒவ்வொண்ணா வந்தாங்க. பெங்களூர் பக்கத்திலேயே இருக்கு, ஆனா நிலம் தமிழ்நாட்டு விலைக்கு. வராமல் இருப்பாங்களா?

1984-இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் கம்பெனியைத் தொடங்கினாங்க. ஓசூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலை. பிரான்ஸிலிருந்து தொழில்நுட்பம். எச்எம்டியில் பழகின ஆட்கள் பெங்களூரில் கிடைப்பாங்களே, அவங்களை இழுத்துப் போட்டிருக்கலாம். ஆனா தலைமைப் பொறுப்பில் இருந்த ஜெர்க்சஸ் தேசாயும் அவர் ஆட்களும் பெரும்பாலும் வேறு மாதிரி ஆளெடுத்தாங்க. சுற்றுவட்டார மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளிலிருந்து, படிப்பை முடிச்ச பதினேழு பதினெட்டு வயசுப் பையன்களையும் பெண்களையும் தேர்ந்தெடுத்தாங்க. பலர் அதுவரைக்கும் மாவட்டத்தைத் தாண்டாதவங்க. கைக்கடிகாரம் கட்டினதே இல்லாத கைகள் கைக்கடிகாரம் செய்யப் பழகின. இந்தப் பிள்ளைகளைப் பட்டணத்தில் அப்படியே விட்டுடாமல், வீடு பிடிச்சுக் கொடுத்து, கூட இருந்து பார்த்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோர் மாதிரிப் பெரியவங்களையும் ஏற்பாடு செய்தாங்க. மாற்றுத்திறனாளிகளையும் வேலைக்கு எடுத்தாங்க. 1990-களில் மைராடா தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் குழுக்களிடம் கடிகாரப் பட்டை வேலை போன்றவற்றைக் கொடுத்தது தனிக்கதை.

எனக்கு அப்போ பத்து வயசு இருக்கும். யூனிஃபார்ம் போட்ட அக்காக்கள் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவதைப் பார்த்திருக்கேன். முதல் சம்பளத்தில் வீட்டுக்கு என்ன வாங்கினோம்னு சத்தமா பேசிட்டுப் போவாங்க. எங்க தெருவில் வாடகைக்கு இருந்த ஒரு அக்கா மாசா மாசம் பாதிச் சம்பளத்தை மணியார்டர் பண்ணி, ரெண்டு தம்பிகளைப் படிக்க வைத்தது. சர்ச்கேட்டில் ஷஃபீக் நடைபாதையில் படுத்திருந்த அதே வருஷங்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வறுமையிலிருந்து வளர்ந்து ஆளான கதை அந்தப் பஸ்ஸில் இருந்தது. அதில் அழுகை கம்மி, ஷிப்ட் அலவன்ஸ் ஜாஸ்தி. யாருங்க படம் எடுப்பா?

ரொம்பப் புகழ்ந்துடவும் கூடாது. அந்தக் கதவு பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு வரைக்கும் போனவங்களுக்குத்தான் திறந்தது. ஆறாவதிலேயே நின்னவங்களுக்கு? என்கூட ஏழாவதில் கடைசி பெஞ்சில் இருந்த பையன் முழுப்பரீட்சை லீவில் லாரி கிளீனராகப் போனான், திரும்பி வரவேயில்லை. நல்லா கணக்குப் போடுவான். குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போன பிள்ளைகள், பெங்களூர் ஹோட்டல்களில் டேபிள் துடைச்ச பிள்ளைகள், அபார்ட்மென்ட் வீடுகளில் பாத்திரம் கழுவின பெண் பிள்ளைகள். இந்தக் கடைசி வகைக்குத் தமிழில் ஒரு நல்ல படம் இருக்கு. சிவசங்கரி கதையை வைத்து ஜானகி விஸ்வநாதன் இயக்கிய 'குட்டி' (2001). அப்பா இறந்ததும் சென்னைக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்படும் கண்ணம்மா. அவளும் எல்லாத்தையும் தாங்குவாள். அவளும் ஊர் போய்ச் சேர மாட்டாள். தவறான ஆள் கையில் சிக்குவாள். நடித்த ஸ்வேதாவுக்கும் தேசிய விருது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது; ஆபத்தான தொழில்களில் மட்டும் தடை, மீதி எல்லாம் 'ஒழுங்குபடுத்தல்'. 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம். வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கான அதன் சிறப்புப் பள்ளிகள் பிறகு கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் நடந்தன. 1996-இல் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும் என்றது. பதினாலு வயசுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று சட்டம் ஒருவழியாகச் சொன்னது 2016 திருத்தத்தில்தான். முப்பது வருஷம்!

அதிலும் விதிவிலக்கு ரெண்டு. ஒண்ணு, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது. இன்னொண்ணு என்ன தெரியுமா? சினிமா, டிவி, விளம்பரம். அதாவது குழந்தைத் தொழிலாளியாக ஒரு பிள்ளை நிஜத்தில் டீ தூக்கினால் குற்றம். டீ தூக்குகிற பிள்ளையாக நடித்தால் சட்டப்படி சரி. நான் இதைக் கிண்டலுக்காகச் சொல்லலை, விதிவிலக்குக்கு நிபந்தனைகளும் உண்டு. 2017 விதிகளின்படி ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது, படிப்பு கெடக்கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பேரில் தேசிய வங்கியில் டெபாசிட் போட்டு, வயசு வந்ததும் தரணும். ஜாக்கி கூகன் வாங்கிக் கொடுத்த பாடம் நம்மிடம் வந்துசேர கிட்டத்தட்ட எண்பது வருஷம் ஆச்சு. ஷஃபீக்குக்கு அது முப்பது வருஷம் தாமதம்.

சட்டம் வந்தும் நம்ம எல்லையில் என்ன நிலைமை என்பதற்கு ஒரு தேதி சொல்றேன். 2023 அக்டோபர் 7. அத்திப்பள்ளி, பட்டாசுக் கிடங்கு. தமிழ்நாட்டு எல்லை தாண்டி ரெண்டு எட்டு வைத்தால் வரிசையாகப் பட்டாசுக் கடைகள், தீபாவளி நேரத்தில் பார்த்திருப்பீங்க. லாரியிலிருந்து சரக்கு இறக்கும்போது தீப்பிடிச்சு அன்றைக்கே 14 பேர் போயிட்டாங்க. மருத்துவமனையில் பிறகும் சிலர். தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம் அம்மாபேட்டை என்கிற ஒரே ஊரிலிருந்து மட்டும் பல பேர். பெரும்பாலும் இளவட்டங்கள். தீபாவளி சீசனுக்கு மட்டும் வந்து நாலு காசு சம்பாதிச்சு, படிப்புச் செலவுக்கும் வீட்டுக்கும் ஆகும் என்று வந்த மாணவர்களும் அதில் இருந்தாங்க. தைரியம் இல்லாதவனா ஊர் விட்டு ஊர் வந்து வெடிமூட்டை தூக்குவான்? கிருஷ்ணாவுக்கு அம்மா சொன்னது 500 ரூபாய். இவங்க மனசில் இருந்த தொகை என்னவோ. அந்த ரோட்டில் நான் வாரத்துக்கு ரெண்டு தடவை போறேன்.

இவ்வளவு சொல்லிட்டு, ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்லணும். சமீபகாலமாக, படம் பிடிக்கப்பட்ட பிள்ளைகள் போய், படம் பிடிக்கிற பிள்ளைகள் வந்திருக்காங்க. 'கூழாங்கல்' எடுத்த பி.எஸ்.வினோத்ராஜ் மதுரைக்காரர். சின்ன வயசிலேயே பூ மார்க்கெட்டில் வேலை, அப்புறம் திருப்பூர் பனியன் கம்பெனி. சென்னையில் டிவிடி கடையில் வேலை பார்த்துக்கிட்டே உலக சினிமா பார்த்தவர். 2021-இல் அவருடைய முதல் படம் ராட்டர்டாம் விழாவில் முதன்மையான 'டைகர்' விருது வாங்கியது. அதில் வேலு என்கிற பையன் குடிகார அப்பாவோடு பொட்டல் காட்டில் வெயிலில் நடக்கிறான். தாகத்துக்கு வாயில் ஒரு கூழாங்கல் போட்டுக்குவான். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கல்லை எடுத்து வைக்கிற இடத்தில் ஏற்கெனவே கல் குவிஞ்சு கிடக்கும். வசனம் கிடையாது, அழுகை கிடையாது. எத்தனை தடவை இப்படி நடந்திருக்கான் என்று கல்லை எண்ணிக்கோ என்கிறார். பசியைப் பார்த்தவனுக்குத்தான் இந்தக் கணக்கு தெரியும். 2024-இல் மாரி செல்வராஜ் 'வாழை' எடுத்தார். பள்ளிக்கூட லீவில் வாழைத்தார் சுமக்கப் பிடிக்காத பையன், அவனுடைய சொந்தச் சிறுவயசு, தார் லாரி கவிழ்ந்து கூலியாட்கள் செத்த நிஜ விபத்து. அத்திப்பள்ளிக்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்த்ததால் எனக்குக் கடைசி அரைமணி நேரம் உட்கார முடியலை.

அவங்க ரெண்டு பேரிடமும் எனக்குப் பிடிச்சது, அந்தப் பையனை நல்ல பையனாகக் காட்ட மெனக்கெடாதது. 'வாழை'ப் பையன் பொய் சொல்வான், வேலைக்கு டிமிக்கி கொடுப்பான். டீச்சர் மேல் ஒரு மயக்கம் வேறு. வெளியிலிருந்து வருகிற இயக்குனருக்கு ஏழைப் பிள்ளை கொஞ்சம் மகானாகத் தெரியணும். தானே அந்தப் பிள்ளையாக இருந்தவனுக்கு அந்தத் தேவை இல்லை.

ஷஃபீக் விஷயத்துக்கு வந்து முடிச்சிடறேன். அந்த 2009, 2010 பேட்டிகளில் ஒரு செய்தி ஓரமாக வந்தது. ஆட்டோ ஓட்டின நேரம் போக அவர் தன் கதையைத் திரைக்கதையாக எழுதி வைத்திருந்தார். நூறு பக்கத்துக்கு மேல். அதுக்கு அவர் வைத்த பேர் 'ஆஃப்டர் சலாம் பாம்பே'. பம்பரம் சுற்றி முடிச்சதுக்கு அப்புறம் நடந்தது, பன்னிரண்டிலிருந்து இருபது வரைக்கும், அதுக்கு மேலேயும்.

யாராவது அதை எடுத்தா முதல் நாள் முதல் ஷோவுக்குப் பெங்களூர் போக நான் ரெடி. நாற்பது கிலோமீட்டர்தானே.